கீழே விழுந்த ஸ்கூட்டரும் காலையில் எடுக்காத செல்ஃபும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் அதன் வயரிங்கும்

மடிப்பாக்கத்தில் வசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியையின் ஸ்கூட்டர் இது. 2018-ல் வாங்கியது. 110 சிசி, கார்புரேட்டர் வைத்த பிஎஸ்-4 (புகை அளவு விதியின் நான்காம் கட்டம்) வண்டி. வேளச்சேரியில் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே தெருமுனை மெக்கானிக் கடையில் பலமுறை நின்று, புது பேட்டரி ஒன்றும் வாங்கி, கடைசியில் புகையும் விட்டிருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இதே அமைப்பில் அந்தக் காலத்து 110 சிசி வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

நடந்ததைச் சொல்லும் முன் இதன் வயரிங்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், துப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மேக்னெட் காயிலில் உண்டாகும் ஏசி கரண்டில் ஒரு பங்கு ரெகுலேட்டர் வழியாக ஹெட்லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் போகிறது. 2017 ஏப்ரல் முதல் வந்த புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பது விதி. அதனால் அணைக்க சுவிட்ச் கிடையாது. இன்னொரு பங்கு டிசியாக மாறி 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்கிறது. பேட்டரியிலிருந்து முதலில் 10 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் சாவி சுவிட்ச், அதைத் தாண்டி ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், பெட்ரோல் முள், செல்ஃப் ரிலே.

பிளக்குக்குப் போகும் கரண்ட் இந்த இரண்டிலும் சேராது. அதற்கு மேக்னெட்டில் தனி காயில், தனி சிடிஐ. சிடிஐ என்பது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சின்னப் பெட்டி. சாவியை அணைத்தால் சிடிஐயிலிருந்து வரும் ஒரு வயர் பாடியோடு எர்த் ஆகி எஞ்சின் நின்றுவிடும். அதைக் கில் வயர் என்போம்.

ஆக, இந்த வண்டியில் ஃபியூஸ் போனாலும் கிக்கரை உதைத்தால் எஞ்சின் ஓடும், ஹெட்லைட் பளிச்சென்று எரியும். ஹாரன், செல்ஃப், இண்டிகேட்டர் மட்டும் இருக்காது. ஹெட்லைட் எரிவதைப் பார்த்து “வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய பேர்.

விழுந்த அன்று

வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த அக்டோபர். கீழ்க்கட்டளைப் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டு, பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். ஈரத் தகட்டில் முன்சக்கரம் வழுக்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த வேகம்தான். தலையில் ஹெல்மெட் இருந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

இடது கண்ணாடி உடைந்தது, இண்டிகேட்டர் மூடியில் விரிசல், இடது பிரேக் லீவர் வளைந்தது, முன் பேனலில் ஒரு பிளவு. ஹேண்டில் கொஞ்சம் கோணிக்கொண்டது. சாய்ந்த வேகத்தில் ஹேண்டில் இடப்பக்கக் கடைசி வரைக்கும் போய் மோதியிருந்தது என்பதைப் பிற்பாடு அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். செல்ஃப் எடுத்தது, வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் தெருமுனைக் கடையில் கண்ணாடியும் இண்டிகேட்டரும் மாற்றினார்கள். பேனலைக் கழற்றி, பிளவை ஒட்டி, திரும்ப மாட்டினார்கள். லீவரைக் கையாலேயே நிமிர்த்தினார்கள். ஹேண்டிலையும் நேராக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி விழுந்த அடையாளமே இல்லை.

காலையில் வந்த கோளாறு

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, சாவி போட்டால் எதுவும் இல்லை. ஹாரன் இல்லை, செல்ஃப் இல்லை, பெட்ரோல் முள் கீழே படுத்துக்கிடந்தது. கிக்கரை உதைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஃபியூஸ் போயிருந்தது, மாற்றினார்கள், எல்லாம் வந்தது. சில நாள் கழித்து இன்னொரு காலை அதே கதை. மறுபடி ஃபியூஸ்.

மீட்டர் வைத்துப் பார்த்த மெக்கானிக், “பேட்டரி வீக்கா இருக்கு டீச்சர். பழசு, மழைக்காலத்துல இப்படித்தான் பண்ணும்” என்றார். அவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. பேட்டரி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. ஆனால் பேட்டரி வீக் ஆனால் ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் போவதற்கு அளவுக்கு மீறிய கரண்ட் எங்கேயோ ஓட வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது பேட்டரி போட்டார்கள்.

புது பேட்டரியிலும் ஃபியூஸ் போனது. 15 ஆம்பியர் போட்டார்கள், அதுவும் போனது. டீச்சருக்குக் காலையில் பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கடையிலும் கூட்டம். ஃபியூஸ் இருந்த இடத்தில் வயரின் செம்புக் கம்பி இழைகளை முறுக்கிச் சுற்றி, “சாயங்காலம் கொண்டாங்க, நின்னு பார்க்கிறேன்” என்று அனுப்பிவைத்தார் மெக்கானிக்.

சாயங்காலம் கடை வரை போக முடியவில்லை. முதலில் வீட்டுக்குப் போய் பையை வைத்துவிட்டு வரலாம் என்று அபார்ட்மென்ட் கேட்டில் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பினார். எஞ்சின் நின்றது. அடுத்த நொடி முன் பேனலின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை, பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். வாட்ச்மேன், “சாவிய ஆஃப் பண்ணுங்கம்மா!” என்று கத்தினார். சாவியைத் திருப்பியதும் புகை அடங்கியது. அன்றைய கெட்ட நேரத்திலும் அது நல்ல காரியம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் டாடா ஏஸில் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள்.

கேட்டதும் பார்த்ததும்

வண்டி இறங்கியதும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். பாசிட்டிவைத்தான் முதலில் கழற்றுவேன் என்று ஸ்பேனரைப் போட்டால், அது பாடியில் பட்ட மாத்திரத்தில் நாமே ஒரு ஷார்ட் செய்தது போல் ஆகிவிடும். செம்புக் கம்பியை எடுத்தோம். ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகி ஒருபக்கம் இளித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் பேனலைத் தொடாமல் டீச்சரிடம் பேசினோம். விழுந்த வண்டி வந்தால் உடைந்த இடத்துக்குத்தான் கை முதலில் போகும். ஆனால் இந்த வண்டி உடைந்த இடத்தை ஏற்கெனவே ஒருவர் கழற்றி மாட்டியாயிற்று. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: ஃபியூஸ் எப்போது போகிறது?

“காலையில்தான் தம்பி. ராத்திரி வரைக்கும் நல்லா இருக்கும்.”

“ராத்திரி கடைசியா நிறுத்தும்போது ஹாரன் அடிச்சுதா டீச்சர்?”

யோசித்தார். “கேட் திறக்கச் சொல்லி ஹாரன் அடிப்பேன். அடிக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் உள்ளே திருப்பி, ஓரமா நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டிடுவேன். சில நாள் திருப்பும்போதே வண்டி நின்னுடும். ஐடில் கம்மின்னு சொல்லி ஏத்தி வெச்சாங்க.”

கோளாறு காலையில் கண்ணில் படுகிறது, நடப்பது முந்தைய இரவில். கேட்டுக்குள் இடப்பக்கம் முழுக்க ஒடிக்கிறார், பூட்டுவதற்காக மறுபடி இடப்பக்கக் கடைசிக்குத் தள்ளுகிறார். அந்த நேரத்தில் சாவி இன்னும் ஆனில் இருந்தால் ஃபியூஸ் போகிறது. இருட்டில், இறங்கப் போகும் நேரத்தில், ஹாரனோ இண்டிகேட்டரோ யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. விழுந்தபோது ஹேண்டில் எந்தப் பக்கம் போய் மோதியது என்று கேட்டதும் அப்போதுதான்.

சாவியைத் திருப்பியதும் புகை நின்றது இன்னொரு துப்பு. பேட்டரிக்கும் சாவி சுவிட்சுக்கும் நடுவில் ஷார்ட் இருந்திருந்தால் சாவியை அணைத்தும் புகை நின்றிருக்காது. அப்படியானால் கோளாறு சாவி சுவிட்சைத் தாண்டிய பகுதியில், ஹேண்டில் திரும்பும்போது அசைகிற ஏதோ ஒரு வயரில். எஞ்சினும் சேர்ந்தே நிற்கிறது என்பதால் கில் வயரும் அதே இடத்தில் மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஃபியூஸ் போவது டிசி பக்கம், கில் வயர் இக்னிஷன் பக்கம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சர்க்யூட் ஒரே அசைவில் படுத்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

ஃபியூஸ் இடத்தில் பல்பு

பேட்டரியை மெதுவாக சார்ஜில் போட்டோம். வந்தபோது 12.1 வோல்ட் காட்டியது, சார்ஜ் ஏறி ஆறவிட்ட பிறகு 12.7. வாங்கிச் சில வாரமே ஆன பேட்டரி ஏன் 12.1-க்கு இறங்கியது என்ற கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டோம்.

ஷார்ட் இருக்கும் வண்டியில் புதுப் புது ஃபியூஸாகப் போட்டுத் தேடினால் ஃபியூஸ்தான் செலவாகும். வயரும் ஒவ்வொரு முறையும் அடி வாங்கும். அதனால் ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்தோம். பிரேக் லைட்டுக்குப் போடுவோமே, அதே பல்பு. எந்த ஷார்ட் ஆனாலும் இதன் வழியாக இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும், எதுவும் சூடாகாது. வெளிச்சமே மீட்டர் வேலையும் பார்த்துவிடும். முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கேயோ நேரடி ஷார்ட். மங்கலாக எரிந்தால் ஏதோ ஒரு லோடு (ஹாரன், லைட் மாதிரி கரண்டில் ஓடும் சாமான்) சாதாரணமாகக் கரண்ட் எடுக்கிறது. எரியவே இல்லை என்றால் எதுவும் ஓடவில்லை.

ஹேண்டில் நேராக இருக்கும்போது சாவி போட்டோம். பல்பு பாதி வெளிச்சத்தில் எரிந்தது. யாரும் பட்டனைத் தொடவில்லை, ஆனால் ஹாரன் தொண்டை கட்டிய கிழவர் மாதிரி கரகரத்தது. பின்னால் போய்ப் பார்த்தால் பிரேக் லைட் மங்கலாகச் சிவந்திருந்தது. லீவரையும் யாரும் பிடிக்கவில்லை.

ஹாரன் வயரைக் கழற்றினோம். கரகரப்பு நின்றது, பல்பு இன்னும் மங்கியது. அடுத்து இடது பிரேக் லீவரை விரலால் முன்பக்கம் ஒரு நெல் அளவு தள்ளினோம். பிரேக் லைட் அணைந்தது, பல்பும் அநேகமாக அணைந்துவிட்டது. கையால் நிமிர்த்திய லீவர் முழுசாகத் திரும்பி வராமல், அதன் அடியில் இருக்கும் சின்ன சுவிட்சை ஆனிலேயே வைத்திருந்தது. விழுந்த நாளிலிருந்து சாவி போட்ட நேரமெல்லாம் 21 வாட் பிரேக் லைட் எரிந்துகொண்டே போயிருக்கிறது. மேடவாக்கம் மெயின் ரோட்டு நெரிசலில் ஐடிலிலேயே ஓடும் வண்டியின் சார்ஜிங் அதற்கு ஈடு கொடுக்காது. பழைய பேட்டரி இறங்கியதும், புதுசு 12.1-க்கு வந்ததும் இதனால்தான். ஃபியூஸ் போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே நாளில் பிறந்த தனித்தனிக் கோளாறு, அவ்வளவுதான். ஒன்று மற்றொன்றுக்குப் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது.

இப்போது ஹாரன் கழன்று, லீவர் விடுபட்டு, பல்பு மங்கிக் கிடந்தது. ஹேண்டிலை வலப்பக்கம் கடைசி வரை திருப்பினோம், மாற்றமில்லை. இடப்பக்கம் மெல்லத் திருப்பினோம். கடைசி இரண்டு விரற்கடை இருக்கும்போது பல்பு பளீரென்று எரிந்தது. திரும்ப நேராக்கினால் மங்கியது. மறுபடி இடம், மறுபடி பளீர்.

ஹேண்டிலை இடப்பக்கமே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பட்டறைப் பையன் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். இடது சுவிட்ச், வலது சுவிட்ச், இண்டிகேட்டர் ஃப்ளாஷர், மீட்டர், பின்பக்க லைட். எதைக் கழற்றியும் பிரகாசம் குறையவில்லை. லோடு எல்லாம் கழன்ற பிறகும் பல்பு முழுசாக எரிகிறது என்றால் சுவிட்சிலும் பல்பிலும் குற்றமில்லை, மெயின் வயரிங்கிலேயே செம்பு பாடியைத் தொடுகிறது.

கில் வயருக்கு வேறு சோதனை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிடிஐ பக்கக் கப்ளரையும் சாவி சுவிட்சின் கப்ளரையும் எடுத்தோம். இரண்டு முனையும் தொங்கலாக இருக்கும் அந்த வயருக்கும் பாடிக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. ஹேண்டில் நேராக இருக்கும்வரை காட்டவில்லை. இடப்பக்கம் போனதும் மீட்டர் பீப் அடித்தது.

பேனலுக்குள்

அதன் பிறகுதான் முன் பேனலைக் கழற்றினோம். ஹேண்டில் தண்டு இறங்கும் குழாயின் இடப்பக்கத்தில், மெயின் வயரிங் கட்டை அணைத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அது உடைந்து பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடி இல்லாத வயரிங் கட்டு ஒரு விரல் அகலம் கீழே சரிந்து, ஹேண்டில் கடைசியில் போய் முட்டும் இரும்பு நிறுத்தத்துக்கும் குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறை இடப்பக்கம் முழுக்கத் திருப்பும்போதும் அந்த இரும்பு வயரைக் கடித்திருக்கிறது.

கறுப்பு உறையில் இரண்டு பல் தடம் தெளிவாகத் தெரிந்தது. உறையைப் பிளந்தால் உள்ளே சாவி சுவிட்சிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரில் பிளாஸ்டிக் போய்ச் செம்பு மின்னியது. பக்கத்திலேயே கில் வயரில் ஒரு கீறல், மழைநீர் இறங்கி அதன் இழைகள் பச்சை பிடித்திருந்தன. பாசிட்டிவ் வயர் கடிபட்ட இடத்திலிருந்து சாவி சுவிட்ச் வரைக்கும் நீளவாக்கில் உருகி, பக்கத்தில் ஓடும் ஹாரன் வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் தானாகக் கரகரத்தது அதனால்தான். உருகியது கடித்ததால் வந்த சேதமில்லை, ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைத்த அந்த ஒரு நாளின் வேலை. 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் அது கண நேரத்தில் அறுந்து வயரைக் காப்பாற்றியிருக்கும், முன்பெல்லாம் காப்பாற்றியது போலவே.

கிளிப் உடைந்தது விழுந்த அன்றா, பேனலைக் கழற்றி மாட்டும்போதா என்று சொல்ல முடியாது. உடைந்த முகத்தில் மண் படிந்திருந்ததால் முதலாவதாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

எடுத்த முடிவுகள்

மூன்று வழி இருந்தது. புது வயரிங் கிட், அதாவது வண்டியின் மொத்த வயர்க் கட்டையும் புதுசாகப் போடுவது சுத்தமான வேலை. ஆனால் வண்டியை முழுக்கப் பிரிக்க வேண்டும், செலவு ரிப்பேரைவிடப் பல மடங்கு. புதுப்பேட்டையில் பழைய கிட் மலிவாகக் கிடைக்கும். அதில் எங்கெங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்பது டேப்பைப் பிரித்தால்தான் தெரியும், அதை வாங்கிவந்து மாட்ட எனக்கு மனசு வரவில்லை. மூன்றாவது, உள்ளதைப் பிரித்துக் கெட்ட வயரை மட்டும் மாற்றுவது. உறையை இரண்டு பக்கமும் நல்ல வயர் தெரியும்வரை பிரித்துப் பார்த்தோம். மூன்று வயர் மட்டும்தான் கெட்டிருந்தது, மற்றவற்றின் பிளாஸ்டிக் வளைத்தால் வெடிக்காமல் மிருதுவாக இருந்தது. அதனால் மூன்றாவதையே எடுத்தோம். பிளாஸ்டிக் மொரமொரப்பாகியிருந்தால் புது கிட்தான் சொல்லியிருப்பேன்.

வேலையில் இரண்டு விஷயம் பிடிவாதமாகப் பார்த்தோம். ஹேண்டில் திரும்பும்போது வளையும் பகுதியில் ஒட்டு வரக் கூடாது. ஈயம் வைத்த இடத்தில் வயரின் இழைகள் ஒரே கட்டியாகிவிடும், வளைய வளைய அதன் ஓரத்தில் முறியும். ஆகவே கடிபட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டாமல், வளையும் பகுதியைத் தாண்டி இரண்டு பக்கமும் நல்ல வயர் இருக்கும் இடம் வரை புது வயரை ஒரே நீளமாக ஓட்டினோம். ஒட்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாக வைத்தோம், இல்லாவிட்டால் கட்டு அங்கே தடித்து மறுபடி எதிலாவது உரசும். வண்டிக்கென்று வரும் மெல்லிய இழை வயர், அதே தடிமன், முடிந்தவரை அதே நிறம். வீட்டு வயரிங்கில் மிச்சமான துண்டை உபயோகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் இழைகள் தடிமன், அசைவுக்குத் தாங்காது. ஒவ்வொரு ஒட்டுக்கும் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மேலே துணி டேப். பளபளக்கும் சாதா இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் பசை இளகி நழுவிவிடும்.

கிளிப்பும் ஃபியூஸ் ஹோல்டரும் ஜி.பி. ரோட்டில் கிடைத்தன. லீவர் புதுசு மாற்றினோம், கூடவே சுவிட்சும். 10 ஆம்பியர் ஃபியூஸ், ஹோல்டர் மூடிக்குள் உபரியாக இன்னொன்று. சாவி சுவிட்ச் வழியாகவும் அவ்வளவு கரண்ட் ஓடியிருக்கிறது என்பதால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தது. லோடு போட்டு சுவிட்சின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்ததில் இழப்பு 0.1 வோல்ட் அளவில்தான். விட்டுவிட்டோம்.

ஃபோர்க்கும், ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்கான கோன் செட்டும் எங்கள் வேலையில்லை. ஹேண்டில் ஒருமுறை கோணிய வண்டி என்பதால் அதைத் தனியாக ஒரு கடையில் காட்டச் சொன்னோம். காட்டினார், கோன் செட்டை இறுக்கித் தந்தார்கள்.

இன்சூரன்ஸ் பற்றி

டீச்சருக்கு சொந்தச் சேதத்துக்கும் பாலிசி இருந்தது. கிளெய்ம் செய்யலாமா என்று கேட்டார். முடிவு அவருடையது, தெரிந்ததை மட்டும் சொன்னோம். பேனல் போன்ற பிளாஸ்டிக் சாமானுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும். விபத்துக்குப் பிறகு தேவையான பழுது பார்க்காமல் ஓட்டி அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. உருகிய வயர் அந்தக் கணக்கில் விழும். மிச்சம் இருப்பது சின்னத் தொகை. அவர் போடவில்லை.

பின்னர்

மாட்டிய பிறகு ஃபியூஸுக்குப் பதில் பல்பை வைத்தே மறுபடி சோதித்தோம். ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பித் திருப்பி, பேனலைத் தட்டி, தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பெட்ரோல் முள்ளுக்குப் போகும் கரண்டில் ஒரு மினுக்கலைத் தவிர பல்பில் எதுவும் இல்லை. அதன் பிறகே ஃபியூஸ். எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு பேட்டரி முனையில் பார்த்தபோது 14.2 வோல்ட், சார்ஜிங் சரி. ஏற்றிவைத்திருந்த ஐடிலைப் பழைய அளவுக்கு இறக்கினோம். வண்டி நிற்கவில்லை.

அந்த வருட மழை முழுக்க வண்டி ஓடியது. பொங்கல் முடிந்து சர்வீஸுக்கு வந்தபோது பேனலைத் திறந்து பார்த்தோம், புது உறையில் ஒரு கீறலும் இல்லை. ஃபியூஸ் அதேதான்.

தெருமுனை மெக்கானிக்கும் ஒருநாள் வந்தார், உருகிய வயர்த் துண்டைப் பார்க்க. “பேட்டரி வீக்காத்தானே தம்பி இருந்துச்சு?” என்றார். இருந்தது அண்ணே, பிரேக் லைட்டால் என்று லீவரைக் காட்டினேன். வயர்த் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பல்பு கட்டிய ஹோல்டரை எப்படிச் செய்வது என்று கேட்டுப் போனார்.

இனி மாற்றுவது

விழுந்த வண்டி எதுவாக இருந்தாலும், எலக்ட்ரிக்கல் புகார் இல்லாவிட்டாலும், முன் பேனலைத் திறந்தவர்கள் மூடும் முன் வயரிங் கிளிப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தச் செலவில் முக்கால்வாசி வந்திருக்காது. மூடிய பிறகு சாவியை ஆனில் வைத்து, எஞ்சினையும் ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எங்கள் பட்டறையில் வண்டியை வாங்கும்போது எழுதும் சீட்டில் இப்போது இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறோம்: கோளாறு வருவதற்கு முன் கடைசியாக எல்லாம் வேலை செய்தது எப்போது, அதற்கும் கோளாறு தெரிந்ததற்கும் நடுவில் வண்டி என்னென்ன செய்தது.

ஃபியூஸ் போனால் அதே அளவில் ஒரு தடவை மாற்றிப் பார்க்கலாம், தப்பில்லை. அதுவும் போனால் பெரிய ஃபியூஸ் போடக் கூடாது, கம்பி சுற்றவே கூடாது. கிக்கர் இருக்கும் இந்த மாதிரி வண்டியை ஃபியூஸ் இல்லாமலே பகல் நேரத்தில் மெதுவாகக் கடை வரை ஓட்டிவந்துவிடலாம், ஹாரனும் பிரேக் லைட்டும் இல்லை என்ற நினைப்போடு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு மேலே சொன்ன அடையாளங்கள் அப்படியே பொருந்தாது. அவற்றில் பெட்ரோல் பம்பும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் டிசி கரண்டில் ஓடுவதால் மெயின் ஃபியூஸ் போனால் எஞ்சினே எடுக்காமல் போகலாம். பலவற்றில் வண்டி சாய்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சாரும் உண்டு. விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகு வயரிங்கைச் சந்தேகப்பட்டால் போதும்.